மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிக்க எவ்வளவு கடன் தாங்கும்?

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு கொழும்பில் பல தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளை கணிதப் பிரிவில் நன்றாகச் செய்திருக்கிறது, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி (அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளி) காணுமா காணாதா, காணாவிட்டால் வெளியில் அனுப்புவதா, அனுப்புவதென்றால் எதை விற்பது, யாரிடம் கேட்பது. இந்தப் பேச்சு நடுவே யாராவது ஒருவர் "மெட்டீரியல்ஸ் படிச்சா வெளிநாட்டில நல்ல சம்பளமாம்" என்று சொல்லிவிட்டால் போதும், வெள்ளவத்தையில் ஒரு ஏஜென்சி வாசலில் அடுத்த சனிக்கிழமை போய் நிற்பார்கள்.

நான் இந்தத் துறையில் வேலை செய்பவன். படிப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, மெட்டீரியல்ஸ் அருமையான படிப்பு. உலோகம், பொலிமர், செராமிக், கொம்பொசிட் என்று எந்தப் பொருள் எதற்குத் தாங்கும், எதனால் உடையும், எப்படிச் செய்தால் மலிவாகவும் உறுதியாகவும் வரும் என்பதை அடியிலிருந்து கற்றுத்தரும் படிப்பு. ஆனால் அதைப் படிக்க எவ்வளவு கடன் படலாம் என்பது தனிக் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பட்டத்தைக் குறைந்த செலவில் எங்கே எடுக்க முடியுமோ அங்கே எடுங்கள், வீட்டை ஈடு வைத்து இளநிலைப் பட்டத்துக்கு வெளிநாடு போகாதீர்கள், கடன் பட்டே ஆகவேண்டும் என்றால் அதைப் பட்டப்பின் படிப்புக்குத் தள்ளிப்போடுங்கள், அதிலும் சின்னக் கடனாக இருக்கட்டும். ஏன் என்று இனிக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் சம்பளம். எல்லோரும் காட்டுவது அமெரிக்க இலக்கத்தைத்தான். அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்களின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 108,310 டொலர். மெக்கானிக்கலுக்கு 102,320, கம்ப்யூட்டர் ஹார்ட்வேருக்கு 155,020. ஆக மெட்டீரியல்ஸ் மெக்கானிக்கலை விடக் கொஞ்சம் கூட, ஹார்ட்வேரை விட நன்றாகக் குறைவு. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இடைநிலைச் சம்பளம் என்றால் இருபது வருட அனுபவக்காரரும் சேர்ந்த கணக்கு, புதிதாக வெளியே வரும் 23 வயதுப் பிள்ளையின் சம்பளமில்லை. இரண்டாவது, அந்தத் துறை மிகச் சின்னது. அமெரிக்கா முழுவதிலும் மெட்டீரியல்ஸ் இன்ஜினியர் வேலைகள் இருபதாயிரத்துச் சொச்சம்தான், மெக்கானிக்கலில் சுமார் 290,000. அந்த இருபதாயிரத்துச் சொச்சத்திலும் விமானம், ஏவுகணை, இராணுவத் தளபாடம் செய்யும் கம்பனிகளின் வேலைகள் கணிசமானவை; ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அவற்றில் பலவற்றுக்கு அமெரிக்கப் பிரஜை அல்லது கிரீன் கார்ட் உள்ளவரைத்தான் எடுப்பார்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு போகும் பிள்ளைக்கு அந்தக் கதவு பூட்டு. ஏஜென்சியில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இங்கே என்ன நிலை? கொழும்பைச் சுற்றித்தான் பெரும்பாலான வேலைகள், ஆனால் கொழும்புக்குள் இல்லை. களனியில் சியெட் டயர், பியகமவில் அன்செல் கையுறை, டிப்ட் புரொடக்ட்ஸ், அலுமினியத்துக்கு அலுமெக்ஸ், டைல் தொழிற்சாலைகள், கம்பி உருக்கும் ஆலைகள், கப்பலுக்குக் கொழும்பு டொக்யார்ட், ஆராய்ச்சிக்கு ஹோமாகமவில் ஸ்லின்டெக். இறப்பர் பக்கம் வேலை அதிகம், உலோகப் பக்கம் குறைவு, செமிகண்டக்டர் பக்கம் கிட்டத்தட்ட இல்லை. புல்மோட்டையில் இல்மனைட்டும் ரூடைலும் சிர்கோனும் கிடக்கின்றன, போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகத்திலேயே தரமான காரீயம் (கிராஃபைட்) தோண்டுகிறோம், ஆனால் பெரும்பகுதியை மூலப்பொருளாகவே கப்பலேற்றுகிறோம். வடக்கில் காங்கேசன்துறை சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயன ஆலையும் யுத்தத்தோடு நின்றுபோனவை. அவை ஓடியிருந்தால் இந்தப் படிப்பு படித்த எத்தனை பிள்ளைகளுக்கு வேலை இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கஷ்டப்படும்.

தொடக்கச் சம்பளம் கம்பனிக்குக் கம்பனி மாறும். கணக்குப் போட ஓர் இலக்கம் வேண்டும் என்பதற்காக மாதம் 120,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்குத் தெரிந்த பிள்ளை வேறு தொகை எடுத்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை, ஆகவே வரி போகாது. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 8 வீதம், 9,600 போகும். கையில் 110,400. அந்த 110,400 ரூபாவை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மொறட்டுவை கிடைத்தால் வேறு கதையே தேவையில்லை. கட்டுபெத்தையில் மெட்டீரியல்ஸ் சயன்ஸ் அண்ட் இன்ஜினியரிங் என்று தனித் துறையே இருக்கிறது, நான்கு வருடம், படிப்புக் கட்டணம் கிடையாது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வீடு என்றால் காலி வீதியில் 101 பஸ் ஏறி வீட்டிலிருந்தே போய்வரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசின் மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கும், 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். பட்டம் முடிய வெளியே வரும்போது கடன் பூச்சியம். ஆனால் மொறட்டுவைக்குப் போகிற எல்லோரும் நேரே மெட்டீரியல்ஸ் துறைக்குள் போவதில்லை. முதலில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள், பிறகு அந்தப் பெறுபேற்றை வைத்துத் துறை பிரிப்பார்கள். கம்ப்யூட்டர், எலக்ட்ரோனிக்ஸ் கேட்டுக் கிடைக்காமல் மெட்டீரியல்ஸுக்கு வந்து முதல் வருடம் முழுக்க முகம் வாடித் திரியும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சொல்வேன், கடனில்லாமல் இந்தப் பட்டத்தோடு வெளியே வருகிறவனுக்கு இருக்கிற சுதந்திரம் ஐந்து கோடி செலவழித்து பிரித்தானியாவில் ஷெஃபீல்டில் படித்தவனுக்கு இல்லை. தாமதம் ஒரு குறைதான், பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கவே மாதக்கணக்கில் போகும், பகிஷ்கரிப்பு வந்தால் இன்னும் இழுபடும். சரி, ஒரு வருடம் வீணாகிறது என்றே வைப்போம், நம்முடைய கணக்கில் அது 12 மாதச் சம்பளம், 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. வெளிநாட்டுச் செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

கொழும்புப் பிள்ளைக்குச் சிக்கல் வருவது இசட் புள்ளியில். 40 வீத இடம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை. பம்பலப்பிட்டி இந்துவிலோ சைவ மங்கையரிலோ மூன்று பாடமும் நன்றாகச் செய்த பிள்ளை நூலிழையில் பொறியியலை விடுவது வருடா வருடம் நடக்கிறது. அந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, தோற்றுப்போன பிள்ளை இல்லை, வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை அந்தப் பிள்ளை கேட்கச் சொல்லுங்கள். ஏனென்றால் தோல்வி என்ற எண்ணத்தில்தான் பெற்றோர் அவசரப்பட்டுக் கடன் படுகிறார்கள், பிள்ளையும் அந்த வெட்கத்தில் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

அப்படி விட்டவர்களுக்கு உள்ளூரிலேயே வழி இருக்கிறது. மாலபே, கொழும்புப் பக்கம் காசு கட்டிப் பொறியியல் படிக்கும் தனியார் நிறுவனங்கள், நாவலயில் திறந்த பல்கலைக்கழகம். திறந்த பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எடுக்கலாம், வேலை செய்துகொண்டே படிக்கலாம், தனியாரை விடச் செலவு எவ்வளவோ குறைவு, ஆனால் ஒழுங்காக இருந்து முடிக்கும் பொறுமை வேண்டும். இறப்பர், பிளாஸ்டிக் பக்கம்தான் ஆசை என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகத்தில் பொலிமர் தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது, ஜெயவர்தனபுரவில் விஞ்ஞான பீடத்தால் போய்ப் பொலிமர் பக்கம் திரும்பலாம். பெயரில் இன்ஜினியரிங் இல்லை என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், ஆனால் டயர்க் கம்பனியில் கொம்பவுண்ட், அதாவது இறப்பர்க் கலவை, செய்யும் பகுதியில் இவர்களுக்கு நல்ல மதிப்பு. தனியாரில் சேர்வதென்றால் அந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் காசு கட்ட முன் பார்த்துவிடுங்கள்; பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இலங்கை முழு உறுப்பினரானதால் அந்த அங்கீகாரம் பின்னால் அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா போகும்போதும் கைகொடுக்கும்.

தனியார் படிப்புக்கு 50 இலட்சம் கடன் என்று ஒரு கணக்குப் போடுவோம். 13 வீத வட்டி, பத்து வருடத் தவணை. மாதம் ஏறக்குறைய 74,650 ரூபா. கையில் வருவது 110,400. மிச்சம் 35,750, அதில் பியகமவில் அறை வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்குக் கொடுப்பது. படிக்கும் காலத்தில் வட்டி மட்டும் கட்டுவதென்றாலும் முழுத்தொகைக்கு மாதம் 54,000க்கு மேல் அப்பாவின் சம்பளத்திலிருந்து போகும். கஷ்டம்தான், ஆனால் வீடு போகாது, கல்யாணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் வட்டி மாறும் கடன் என்றால் வேறு கதை. 2022 கடைசியில் வங்கிகள் தங்கள் மிக நம்பகமான வாடிக்கையாளரிடமே 25 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கின. அந்த வட்டியில் இதே 50 இலட்சத்துக்கு மாதத் தவணை 113,700. கையில் வருவது முழுவதையும் கொண்டுபோய்க் கட்டினாலும் காணாது. ஆகவே வங்கியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வட்டி எத்தனை வீதம் என்பதைவிட, அது எத்தனை வருடத்துக்கு மாறாமல் இருக்கும் என்பது. அப்புறம் அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம். உயர்தரம் சித்தியடைந்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இலிருந்து நடக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும். முழுக் கட்டணத்தையும் அது தாங்காவிட்டாலும் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுக்கும் வட்டி இல்லை, வங்கிக்குப் போகமுன் இதற்கு விண்ணப்பிக்காமல் விடுவது பெரிய இழப்பு. நம்முடைய ஆட்கள் பலர் இது நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பியுங்கள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம், இளநிலைப் பட்டத்துக்கே வெளிநாடு.

பிரித்தானியாவை எடுப்போம். ஷெஃபீல்ட், மான்செஸ்டர், பேர்மிங்ஹாம், ஸ்வான்சீ எல்லாம் மெட்டீரியல்ஸுக்குப் பெயர்போன இடங்கள். வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் 30,000 பவுண் என்று வையுங்கள், தங்கிச் சாப்பிட 12,000, விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776. மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 128,000 பவுண். ஒரு பவுணுக்கு 400 ரூபா என்று போட்டால் ஐந்து கோடிக்கு மேல். கனடாவில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் மட்டும் வருடம் 60,000 கனேடிய டொலருக்கு மேல். அவுஸ்திரேலியாவில் மொனாஷ், நியூ சவுத் வேல்ஸ் போன்ற இடங்களில் 50,000 டொலருக்கு மேல், விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டொலர். இந்த நாடுகளில் எதை எடுத்தாலும் நான்கு, ஐந்து கோடிக்குக் குறையாத பேச்சுத்தான்.

சரி, ஐந்து கோடி போட்டுப் படித்த பிள்ளை அங்கேயே வேலை எடுக்கிறது என்று வைப்போம். பிரித்தானியாவில் புதிதாக வேலைக்கு வருபவருக்குத் தொழில் விசா கொடுக்க 2025 ஜூலையிலிருந்து குறைந்தது 33,400 பவுண் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தில் வரியும் தேசிய காப்புறுதியும் போக மாதம் கையில் 2,300 பவுண் வரும். லண்டனுக்கு வெளியே சிக்கனமாக 1,400இல் சீவித்தால் மிச்சம் 900, அதாவது 360,000 ரூபா. இங்கே இருந்து பார்த்தால் பெரிய காசு. ஆனால் ஐந்து கோடிக்கு 13 வீதத்தில் வட்டி மட்டும் மாதம் 540,000க்கு மேல். மாதா மாதம் ஒரு ரூபா விடாமல் அனுப்பினாலும் கடன் குறையாது, கூடிக்கொண்டே போகும். பாதியைக் குடும்பம் போட்டு, பாதியை, அதாவது இரண்டரைக் கோடியை மட்டும் கடனாக எடுத்தால்? அதே 360,000 ரூபாவை அனுப்பிக்கொண்டே இருந்தால் கிட்டத்தட்ட 11 வருடம். அந்த 11 வருடமும் வேலை இருக்க வேண்டும், விசா இருக்க வேண்டும், அம்மா அப்பாவுக்கு வருத்தம் வரக்கூடாது. படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் விசாவோ இப்போது இரண்டு வருடம், 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்.

காணி விற்ற காசு கடனில்லையே என்று சொல்வார்கள். நான் இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன், யாழ்ப்பாணத்துக் காணி, வெள்ளவத்தை ஃபிளாட், வங்கிக் கடனே இல்லை, ஆகவே பயமில்லை. ஆனால் அதே இரண்டரைக் கோடியை 8 வீத வட்டியில் நிலையான வைப்பில் போட்டால் வருடம் 20 இலட்சம், 10 வீத வரி பிடித்தபின் மாதம் 150,000 ரூபா. நாம் மேலே வைத்த இன்ஜினியர் சம்பளத்தை விட அது கூட. அதாவது, அந்தப் பட்டம் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே பெற்றோரின் வயோதிப காலத்து வருமானம் ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது. தங்கைக்கென்று வைத்திருந்த காணி என்றால் அவளுடைய பங்கையும் எடுத்துக்கொண்டது. காகிதத்தில் எழுதாவிட்டாலும் கடன் கடன்தான், பிள்ளை அதைச் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாக யோசிக்கச் சொல்வேன், இந்த முழுக் கட்டுரையிலும் எனக்கு முக்கியமானது இதுதான். கடன் எந்த நாணயத்தில், உழைப்பு எந்த நாணயத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. வருடம் 20,000 டொலர் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு 40 இலட்சம் சில வாரங்களில் 72 இலட்சமானது, அதையும் அனுப்ப வங்கியில் டொலர் கிடைக்காமல் அலைந்தார்கள். செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 69.8 வீதம். இதிலிருந்து பார்த்தால், ரூபாவில் கடன் பட்டு டொலரில் உழைப்பவருக்கு ரூபா விழுந்தால் கடன் இலேசாகும். ரூபாவில் கடன், ரூபாவில் உழைப்பு என்றால் வட்டி ஏறுவது மட்டும்தான் பயம். டொலரில் கடன், டொலரில் உழைப்பு என்றால் வேலையும் விசாவும் நிற்கிறதா என்பதுதான் பயம். டொலரில் கடன் பட்டு ரூபாவில் உழைக்க நேர்ந்தால், அதுதான் குடும்பத்தையே சாய்க்கும். வெளிநாடு போகிற எல்லோரும் முதல் வகையில் இருப்போம் என்று நினைத்துத்தான் போகிறார்கள். வேலை கிடைக்காமல் திரும்பி வரும் நாளில் எந்த வகைக்கு வருவார்கள் என்பதைப் போகமுன் எழுதிப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மாமா தரும் காசைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மிடம் இது எல்லா வீட்டிலும் இருக்கிற வழி. "நீ படி தம்பி, காசைப் பற்றி யோசிக்காதே, உழைச்சுத் தா" என்று மாமா மனதாரச் சொல்வார். மாமா வீட்டில் தங்கினால் வாடகையும் சாப்பாடும் மிச்சம், அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அது டொலர்க் கடன். மாமா தன் வீட்டின் மேல் எடுத்துத் தந்த காசாகவும் இருக்கலாம், நமக்கு வட்டி இல்லை, அவருக்கு இருக்கும். பிள்ளை கொழும்புக்குத் திரும்பி 110,400 ரூபா உழைத்தால் அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? தீர்க்க முடியாமல் கொண்டாட்டங்களுக்கே போகாமல் விட்ட உறவுகள் நம்மிடம் இல்லையா? மாமாவிடம் வாங்குவதென்றால் தொகை, நாணயம், எப்போதிலிருந்து திருப்புவது, வேலை கிடைக்காவிட்டால் என்ன என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். மாமா கோபிக்கமாட்டார். கோபித்தால் அந்தக் காசை வாங்காமல் விடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

இந்தியாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. எல்லாவற்றிலும் உலோகவியல், மெட்டீரியல்ஸ் பக்கம் பழைய, பலமான துறைகள். செலவு மேற்கு நாடுகளை விட எவ்வளவோ குறைவு, மொழியும் சாப்பாடும் பழக்கம். கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்கள் வருடா வருடம் வருகின்றன, நேரு நினைவுப் புலமைப்பரிசில் பொறியியலுக்கும் உண்டு. கிடைத்தால் மொறட்டுவைக்கு அடுத்த இடத்தில் இதைத்தான் வைப்பேன், தனியாருக்கும் மேலே. ஒரே குறை, படிப்பு முடிய அங்கேயே வேலை எடுப்பது இலங்கையருக்குச் சுலபமில்லை.

இப்போது பட்டப்பின் படிப்பு. என் பார்வையில் மெட்டீரியல்ஸ் காரருக்கு உண்மையான வெளிநாட்டு வாசல் இதுதான், ஏனென்றால் இது ஆராய்ச்சியோடு ஒட்டிய துறை. பட்டரி, செமிகண்டக்டர், மருத்துவ உள்வைப்பு, எதை எடுத்தாலும் ஆய்வுகூடத்தில் கை வேண்டும், அந்தக் கைக்குப் பல்கலைக்கழகமே காசு தரும். அமெரிக்காவில் மெட்டீரியல்ஸ் கலாநிதிப் படிப்புக்கு எடுத்தால் பொதுவாகப் படிப்புக் கட்டணம் இல்லை, ஆராய்ச்சி உதவியாளர் என்று வருடம் 30,000 டொலர் சுற்றுவட்டாரத்தில் உதவித்தொகை வேறு. நீங்கள் செலவழிப்பது விண்ணப்பக் கட்டணங்கள், ஆங்கிலப் பரீட்சை, ஜி.ஆர்.இ. நுழைவுப் பரீட்சை கேட்டால் அது, மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசா 185 டொலர், விமான டிக்கட். சில இலட்சங்கள்தான். மொறட்டுவையிலிருந்து வருடா வருடம் இப்படிப் போகிறார்கள். அதே நாட்டில் அதே துறையில் சொந்தக் காசில் முதுமாணி படிக்கப் போனால் ஒன்றரை, இரண்டு கோடி. ஆகவே அமெரிக்கா என்றால் கலாநிதி, சொந்தக் காசு முதுமாணி வேண்டாம். ஆனால் இதிலும் வெயில் மட்டும் அடிக்கவில்லை: 2025இல் ஆராய்ச்சிக்கான அரசு நிதியை வெட்டியதால் பல பல்கலைக்கழகங்கள் இடங்களைக் குறைத்தன, அந்த வருட செப்டெம்பரில் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் புதிய எச்-1பி தொழில் விசாவுக்குக் கம்பனி 100,000 டொலர் கட்டவேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. அப்படியிருந்தும் நான் இதையே சொல்வேன், வேலை அமையாமல் திரும்பி வந்தாலும் கையில் கலாநிதிப் பட்டம், தலையில் கடன் இல்லை.

ஜேர்மனி இரண்டாவது வழி, கொழும்பில் இப்போது நிறையப் பிள்ளைகள் ஜேர்மன் படிக்கிறார்கள், சந்தோஷம். அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தில் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 கடைசியிலிருந்து வெளிநாட்டு மாணவரிடம் வாங்குகிறது. ஆஹன், ஃப்ரைபேர்க் சுரங்கவியல் பல்கலைக்கழகம், எர்லாங்கன் மெட்டீரியல்ஸுக்கு நல்ல இடங்கள். விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ வைக்க வேண்டும், ஏறக்குறைய 40 இலட்சம் ரூபா. அது யாருக்கும் கட்டும் கட்டணமில்லை, மாதம் 992 யூரோவாக உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திரும்பி வரும் உங்கள் காசு. இரண்டாம் வருடச் செலவில் ஒரு பகுதியை உழைத்தே பார்க்கலாம், வருடத்தில் 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. இந்த 40 இலட்சத்துக்குக் கடன் பட்டால் நான் பயப்படமாட்டேன். மேலே 50 இலட்சத்துக்குப் போட்ட கணக்கை விடக் குறைவு, உழைப்பதோ யூரோவில். பி1 அளவாவது (இடைநிலை அளவு) ஜேர்மன் மொழி தெரியாமல் போனால் படிப்பு ஆங்கிலத்தில் முடிந்துவிடும், தொழிற்சாலையில் வேலை கிடைக்காது, இதை மட்டும் மறக்காதீர்கள். முதல் பட்டம் படிக்கும் நான்கு வருடத்திலேயே பழகத் தொடங்கலாம்.

பிரித்தானியாவில் ஒரு வருட முதுமாணி என்றால் கட்டணமும் செலவும் சேர்த்து 43,000 பவுண், 1 கோடி 70 இலட்சம். முழுவதும் கடன் என்றால் வட்டி மட்டும் மாதம் 185,000 வரும். புலமைப்பரிசில் பாதியாவது கிடைக்காமல் இதற்குப் போகவேண்டாம் என்பேன்.

மெட்டீரியல்ஸில்தான் முதல் பட்டம் எடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மெக்கானிக்கல், கெமிக்கல், பௌதிகம், இரசாயனம் எதிலிருந்தும் மெட்டீரியல்ஸ் முதுமாணிக்கோ கலாநிதிக்கோ போகலாம், உலகம் முழுக்க அப்படித்தான் வருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், பேராதனை, ஹப்புகலவில் ருஹுணுப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் எது கிடைத்தாலும் எடுங்கள். மெட்டீரியல்ஸ் துறை அங்கே இல்லை என்று விட்டுவிட்டு இரண்டரைக் கோடி கடனோடு வெளியில் போகும் பிள்ளைக்கு, ஆசை நான்கு வருடம் பொறுத்தால் கெட்டுவிடாது என்று யாராவது வீட்டில் சொல்லவேண்டும்.

வெளிநாட்டு இளநிலைப் பட்டத்துக்கு நானே சரி என்று சொல்லும் இடமும் இருக்கிறது: கட்டணத்தில் பெரும்பகுதியைப் புலமைப்பரிசில் தாங்குகிறது, மிச்சக் கடன் 40, 50 இலட்சத்தைத் தாண்டவில்லை, வேலை கிடைக்காமல் திரும்பினாலும் ரூபாச் சம்பளத்தில் அப்பாவின் ஓய்வூதியத்தைத் தொடாமல் கட்டிமுடிக்கலாம், பிணைக்கு வைப்பது குடும்பம் குடியிருக்கும் வீடு இல்லை. இந்த நான்கும் பொருந்தினால் போகட்டும். ஏஜென்சியில் ஏற்கெனவே முற்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், எத்தனையாம் திகதிக்கு முன் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வங்கியில் வட்டி 13 வீதம் இருந்தால் தவணை எவ்வளவு, 25 வீதமானால் எவ்வளவு என்று இரண்டு அட்டவணை கேளுங்கள். இரண்டு தாளையும் பிள்ளையின் கையில் கொடுத்து, பிள்ளையையே வாசிக்க விட்டு, பிறகு கையொப்பம் வைக்கப் போங்கள்.